ஆடிக்கா, மார்கழிக்கா, மாசிக்கா? குமரிக்கு ஒரே ஒரு தடவை வர முடிந்தால்

"வருஷத்தில் ஒரு தடவைதான் லீவு கிடைக்கும். பிள்ளைகளுக்கு ஊர்த் திருவிழா ஒன்றைக் காட்ட வேண்டும், ஊர்ப் பலகாரமும் வாங்கிக் கொடுக்க வேண்டும். எப்போது வருவது?" சென்னை, பெங்களூர், வளைகுடா என்று போய்விட்ட நம்மவர்கள் விடாமல் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலையும் கையிலேயே வைத்திருப்பார்கள்: டிசம்பர். பள்ளிக்கூட லீவு, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் தேர் மூன்றும் ஒன்றாக வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பல வருஷம் பொய்த்துப் போகும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆடி மாதம்தான் தோது என்பது என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

குமரி மாவட்டத்தில் திருவிழாவுக்குப் பஞ்சமில்லை. கோவில் கொடை (ஊர்க் கோவில் திருவிழா), சர்ச் திருவிழா, தர்கா கந்தூரி என்று பட்டியல் போட்டால் முடியாது. அதனால் வெளியூரிலிருந்து மெனக்கெட்டு வரத் தகுந்த மூன்று பருவங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சி. இரண்டு, மார்கழியில் பழையாற்றங்கரைச் சுசீந்திரத்தில் ஓடும் தேர், அதன் முன்னும் பின்னும் வரும் கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ். மூன்று, மாசியில் சிவாலய ஓட்டமும் மண்டைக்காட்டுக் கொடையும்.

## எதை வைத்து முடிவு செய்வது

பெரும்பாலானவர்கள் கோவிலின் பெருமையை வைத்து முடிவு செய்கிறார்கள். அது பக்திக்குச் சரி, பயணத்துக்குச் சரிவராது. நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

முதலில் தேதி. ஒரே ஒரு நாளை நம்பி வருகிறோமா, அல்லது முன்னே பின்னே போனாலும் கிடைக்கிற விழாவா? இரண்டாவது, மழையும் ஆற்றுத் தண்ணீரும். நம்ம மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. திற்பரப்பு அருவியில் குளிக்க முடியுமா என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கும். மூன்றாவது, கால். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? நான்காவது, அந்தப் பருவத்தில் மட்டும் கிடைக்கிற தீனி என்ன? ஐந்தாவது, யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு.

உள்ளூர் விடுமுறையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. விழா நாளுக்கு ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். வெளியூர்க்காரருக்கு அதனால் லாபமில்லை. அன்றைக்கு ஊர் முழுக்க ரோட்டில் இருக்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

## ஆடி: குழித்துறை வாவுபலி

வாவு என்றால் அமாவாசை. ஆடி அமாவாசை விடியலில் தாமிரபரணிக் கரையில் முன்னோர்களுக்குப் பலிதர்ப்பணம். இது நெல்லைத் தாமிரபரணி இல்லை. கோதையாறும் பரளியாறும் சேர்ந்து, குழித்துறையைக் கடந்து, தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகிற நம்மூர் ஆறு. தர்ப்பணத்துக்கு வந்த கூட்டத்தை நம்பிக் கடை போட்டு, அது வளர்ந்து, ஏறத்தாழ நூறு வருஷமாக நகராட்சி நடத்தும் பொருட்காட்சியாக நிற்கிறது.

இதன் பெரிய வசதி, கிட்டத்தட்ட இருபது நாள் நடப்பது. அமாவாசை 2024-இல் ஆகஸ்ட் 4, 2025-இல் ஜூலை 24 என்று நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் உங்களுக்கு அமாவாசை நாளே வேண்டியதில்லை. தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் அன்றைக்கு வரட்டும். மற்றவர்கள் அடுத்த வாரத்தில் ஒரு வேலைநாள் சாயங்காலம் வந்தால் போதும். ராட்டினத்தில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு நிம்மதியாக நிற்க இடம் இருக்கும்.

ராட்டினமும் டெல்லி அப்பளமும் எந்தப் பொருட்காட்சியிலும் உண்டு. வாவுபலியை வேறாக்குவது அதன் விவசாய முகம். மழை இறங்கிய மண், கன்று நட ஏற்ற காலம். அதனால் மரக்கன்று விற்பனை இங்கே தனிச் சந்தையாகவே நடக்கும். தென்னை, பலா, மா, ரம்புட்டான், கிராம்பு, நல்லமிளகு (குருமிளகு) என்று கறுப்புக் கவரில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்குவதானால் இலைப் பசுமையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒட்டுக் கன்றில் ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்கள். முடிச்சு ஆறி, மேல் தண்டும் கீழ் தண்டும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டிருந்தால் அது அடியில் உள்ள வேர்ச்செடியின் துளிர், அதைக் கிள்ளாமல் விட்டால் மேலே உள்ள நல்ல ஜாதி சோர்ந்துவிடும். கவரின் அடியில் வேர் சுருண்டு வெளியே எட்டிப் பார்த்தால் கன்று நாள்பட்டது, வேண்டாம். பிளாட் வீட்டில் இருப்பவர்கள் நல்லமிளகுக் கொடியோடு நிறுத்திக்கொள்ளலாம். பலாக் கன்றை வாங்கிப் பெங்களூர் பால்கனியில் வைத்த ஆட்களை எனக்குத் தெரியும்.

தீனிக்கு வருவோம். ஆடியில் சக்கை (பலாப்பழம்) முடிகிற தறுவாய். மலையோரத் தோட்டங்களில் ரம்புட்டான் பழுத்து, குழித்துறையை ஒட்டிய மார்த்தாண்டம் ரோட்டோரம் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மழைச் சாரலில் ஏத்தன்பழ (நேந்திரம்பழ) பஜ்ஜியும் உள்ளி வடையும் பால் ஊற்றாத கட்டன் சாயாவும். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவித்து மீன்கறி ஊற்றிச் சாப்பிட இதைவிட நல்ல காலநிலை கிடையாது. நாஞ்சில் நாட்டுப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் ஆடிச் செவ்வாயில் ஒரு நாளை ஒதுக்குங்கள். தாழக்குடி வட்டாரத்தில் ஔவையாரம்மன் கோவிலுக்குப் பெண்கள் கூட்டமாகப் போய் அங்கேயே கொழுக்கட்டை அவித்துப் படைப்பார்கள். வீட்டில் நடக்கும் ஔவையார் நோன்பில் ஆண்களுக்கு அனுமதியில்லை, கொழுக்கட்டையிலும் பங்கில்லை. அந்த ராத்திரி வீட்டு ஆண்களை வாவுபலிக்கு அனுப்பிவிடலாம்.

ஆறும் அருவியும் இந்த மாதத்தில் பெரும்பாலும் பார்க்கிற மாதிரி இருக்கும். திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் மூன்றையும் ஒரே பகலில் சுற்றிவிட்டு, சாயங்காலம் குழித்துறைக்கு இறங்கிவிடலாம். திருவட்டாறு கோவிலில் 418 வருஷத்துக்குப் பிறகு 2022 ஜூலையில்தான் கும்பாபிஷேகம் நடந்தது. முன்பு பார்த்தவர்களும் மறுபடி ஒருமுறை பார்க்கலாம்.

சொல்லாத செலவு என்ன? மழை. பெய்தால் மைதானம் சேறு, செருப்பு போச்சு. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தும் கீழே நெரிசல் தீரவில்லை. பொருட்காட்சி நேரத்தில் காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு ஆட்டோ பிடிப்பதே புத்தி. ராட்டினத்துக்கு ஆளுக்கு ஆள் டிக்கெட், அதைப் பிள்ளைகள் எத்தனை தடவை ஏறுவார்கள் என்பதோடு பெருக்கிக்கொள்ளுங்கள். தங்க மார்த்தாண்டத்தில் லாட்ஜுகள் உண்டு, நாகர்கோவில் அளவுக்கு இல்லை. சென்னை, பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு இது பள்ளிக்கூட நாள், இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். வளைகுடாப் பிள்ளைகளுக்கு இதுதான் கோடை விடுமுறையே, ஆனால் விமான டிக்கெட்டும் அதே கணக்கில் ஏறி நிற்கும்.

## மார்கழி: சுசீந்திரம், கோட்டாறு, கிறிஸ்துமஸ்

டிசம்பர் கணக்கு எங்கே பிசகுகிறது என்றால், இந்த மூன்றும் ஒரே வாரத்தில் வராது. கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் 24-இல் கொடியேறி டிசம்பர் 3-இல் முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் 25. சுசீந்திரம் தேரோ மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள். அந்தத் திருவாதிரை 2023-இல் டிசம்பர் 27, அடுத்தது 2025 ஜனவரி 13, அதற்கடுத்தது 2026 ஜனவரி 3. அதாவது 2024 என்கிற ஆங்கில வருஷத்தில் சுசீந்திரத்தில் மார்கழித் தேரே ஓடவில்லை! லீவை டிசம்பர் கடைசி வாரத்துக்குப் போட்டு டிக்கெட்டும் எடுத்த பிறகு பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

தேதி பொருந்திவிட்டால், இதற்கு ஈடு வேறு இல்லை. பத்து நாள் விழா. மூன்றாம் நாள் ராத்திரி மக்கள்மார் சந்திப்பு. கோட்டாற்றுப் பிள்ளையாரும், வேளிமலைக் குமாரசுவாமியும், மருங்கூர் முருகனும் தாய்தகப்பனைப் பார்க்க வந்து சேருவார்கள். ஒன்பதாம் நாள் பிள்ளையார், அம்மன், சுவாமி என்று மூன்று தேர். வயதானவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு என் யோசனை: தேர் நாளை விட்டுவிடுங்கள். மூன்றாம் நாளையோ, இடையில் ஏதாவது ஒரு வாகன நாளையோ பிடியுங்கள். தேர் நாளில் ரத வீதியில் கட்டை மதில் மாதிரி கூட்டம் நிற்கும். சாதாரண வாகன நாளில் தெப்பக்குளத்தங்கரையில் உட்கார்ந்து மேளம் கேட்கலாம், உள்ளே போய் இசைத்தூணையும் பதினெட்டடி ஆஞ்சநேயரையும் சாவகாசமாகப் பார்க்கலாம். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், மார்கழி விடியலில் அது லேசான விஷயமில்லை.

கோட்டாறு, டிசம்பர் முதல் வாரத்தில் வர முடிகிறவர்களுக்கு. கடைசி மூன்று நாளும் தேர்ப் பவனி. 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் கல்லறையும் இதே பேராலயத்தில்தான் இருக்கிறது. எல்லா மதத்துக்காரர்களும் போகிற திருவிழா. ஒரு வாய்க்கால் தூரம் கூட இல்லாத வீடுகளுக்கு இடையே பலகாரம் கைமாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஏதாவது ஒரு கிராமத்துத் தெருவில் நில்லுங்கள். வீட்டுக்கு வீடு நட்சத்திரம், தெருவுக்குத் தெரு குடில்.

தின்பதற்கு இந்தப் பருவம் பணக்காரப் பருவம். கார்த்திகைத் தீபத்துக்கு ஓலைக் கொழுக்கட்டை: பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், சிறுபயறு சேர்த்துப் பிசைந்து பனங்குருத்தோலைக்குள் அடைத்து அவிப்பது. அந்த ஓலை வாசம் ஊருக்கு வெளியே எங்கும் கிடைக்காது. ஆனால் இது வீட்டுப் பலகாரம், கடையில் தேடினால் ஏமாற்றம்தான். கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும். முந்திரிக்கொத்தில் முந்திரி இருக்காது. வறுத்துப் பொடித்த சிறுபயறைக் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தது. மார்கழி தையில் பனங்கிழங்கு. நாகர்கோவிலில் ரசவடை எல்லா மாதமும் உண்டு, ஆனால் குளிரில் சாப்பிடுவது தனி.

செலவு விஷயத்தில் மார்கழி இரக்கமே காட்டாது. சபரிமலை சீசனும் சுற்றுலா சீசனும் ஒன்றாக வந்து கன்னியாகுமரி அறை வாடகையை ஏற்றிவிடும், அறைகள் நாகர்கோவிலிலும் சுருக்கில் நிறையும். ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால் திறக்கும், திறந்த காலையிலேயே கிறிஸ்துமஸ், பொங்கல் தேதிகள் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். பிறகு ஆம்னி பஸ்காரர் சொன்னதுதான் விலை. உள்ளூரில் தங்க வீடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆடிக்கு ஆகிற செலவில் இரண்டு பங்கை எடுத்து வையுங்கள்.

## மாசி: சிவாலய ஓட்டமும் மண்டைக்காடும்

இதை வேடிக்கை பார்க்க வருகிற விழா என்று நினைக்காதீர்கள். கலந்துகொள்கிறவர்களுக்கான விழா.

சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறைத் திருமலையில் கிளம்பி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று ஓடித் திருநட்டாலத்தில் முடிப்பார்கள். பன்னிரண்டு சிவன் கோவில், நூறு கிலோமீட்டரை ஒட்டிய தூரம். காவி வேட்டி, வெறும் கால், கையில் பனையோலை விசிறி, விசிறியில் கட்டிய சின்னத் துணிப்பையில் திருநீறு. வாயில் "கோவிந்தா, கோபாலா". ஒவ்வொரு கோவிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி, ஈரத்தோடு சாமிக்கு விசிறி வீசிவிட்டு அடுத்த ஓட்டம். திக்குறிச்சியில் தாமிரபரணி, திற்பரப்பில் கோதையாறு. வழி நெடுக ஊர்க்காரர்கள் கஞ்சி, சுக்குக் காப்பி, மோர், பானகம் வைத்துக்கொண்டு கூப்பிட்டுக் கொடுப்பார்கள். மூன்று பருவத்திலும் இலவசமாக வயிறு நிறைவது இதில் மட்டும்தான்.

ஓட முடியாதவர்கள் பைக்கிலும் வேனிலும் பன்னிரண்டையும் சுற்றுகிறார்கள். அதில் ஒன்றும் குறைவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க ஊர்ச் சாலைகளில் ஓடுகிறவர்களோடு வண்டிகளும் போவதால், குழந்தைகளோடு போகிறவர்கள் சிவராத்திரிப் பகலில் கடைசி நாலைந்து கோவில்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அவை பக்கம் பக்கமாக இருக்கின்றன.

மண்டைக்காட்டு மாசிக் கொடை பத்து நாள், மாசியின் கடைசிச் செவ்வாயில் முடியும். கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள். அம்மன் புற்று வடிவம். கடைசி நாள் நள்ளிரவு ஒடுக்கு பூஜைக்கான சாப்பாட்டைச் சாஸ்தா கோவிலிலிருந்து பூசாரிகள் வாயில் துணி கட்டிச் சுமந்து வருவார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் அந்தச் சில நிமிஷம் மூச்சுக் காட்டாமல் நிற்கும். அதற்காகவே போகலாம். தலைவலி தீர நேர்ந்துகொண்டு படைக்கிற மண்டையப்பம் இங்கே முக்கியம். அரிசி மாவும் வெல்லமும் பயறும் சேர்த்து அவித்தது, கனமாக இருக்கும், ஆளுக்குப் பாதி போதும்.

சில வருஷம் இரண்டு விழாவும் ஒட்டி வரும். 2024-இல் சிவராத்திரி மார்ச் 8, கொடையின் நடுவிலேயே விழுந்தது. அப்படிப்பட்ட வருஷம் கிடைத்தால் ஒரே பயணத்தில் இரண்டு. அக்கானி (பதநீர்) இறங்கத் தொடங்கியிருக்கும், காலையில் சுண்ணாம்பு வாடையோடு பனையோலைப் பட்டையில் குடிக்கலாம்.

எதிர்ப்பக்கம்: வெயில். திற்பரப்பில் தண்ணீர் நூலாக விழும். வீட்டில் பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படிக்கிற பிள்ளை இருந்தால் பேச்சே இல்லை, பரீட்சைக் காலம். மண்டைக்காட்டுக் கடலில் குளிக்க வேண்டாம், அலை ஆளைக் கேட்காமல் இழுக்கும். ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் இல்லாததால் இரணியலில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். ஓடப் போகிறவர்களுக்கு இன்னொரு மறைமுகச் செலவு, ஓடி முடித்த பிறகு பாதம் தரையில் பட மறுக்கும் இரண்டு நாள். திரும்புகிற டிக்கெட்டை மறுநாளே போட்டுவிடாதீர்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஆடி | மார்கழி | மாசி |
|---|---|---|---|
| தேதி | இருபது நாள், நெகிழ்வு | வருஷத்துக்கு வருஷம் நகரும் | சிவராத்திரி ஒரு நாள், கொடை பத்து நாள் |
| அருவி, ஆறு | நன்று | மழையைப் பொறுத்து | குறைவு |
| காலுக்கு வேலை | கொஞ்சம் | தேர் நாளில் அதிகம் | மிக அதிகம் |
| பருவத் தீனி | ரம்புட்டான், ஔவையார் கொழுக்கட்டை | ஓலைக் கொழுக்கட்டை, முந்திரிக்கொத்து, பனங்கிழங்கு | மண்டையப்பம், அக்கானி |
| தங்கும் செலவு | சாதாரணம் | மிக அதிகம் | சாதாரணம் |

ஓணத்துக்கு வரலாமா என்றும் கேட்பார்கள். ஆவணியில் நாகராஜா கோவில் ஞாயிற்றுக்கிழமைகளும் ஓணமும் சேர்ந்து வரும், தோவாளைப் பூச்சந்தை அந்த வாரம் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் ஓணம் வீட்டுக்குள் நடக்கிற விழா. இலை போட்டு, போளியைப் பால்பாயசத்தில் பிய்த்துப் போட்டுத் தர ஒரு வீடு இருந்தால் வாருங்கள். லாட்ஜில் தங்கி ஓணம் பார்ப்பது வீண்.

## யார் எதை எடுப்பது

பத்து வயதுக்குக் கீழ்ப் பிள்ளைகள், நாலு நாள் லீவு, சொந்த வீடு இல்லை என்றால் ஆடி, யோசிக்கவே வேண்டாம். அனந்தபுரி எக்ஸ்பிரஸில் குழித்துறையிலேயே இறங்கலாம். தாத்தா பாட்டிக்குச் சாமி பார்க்க வேண்டும், தங்க உறவினர் வீடு இருக்கிறது, பஞ்சாங்கமும் ஒத்துழைக்கிறது என்றால் மார்கழி. கல்யாணமாகாத பையன்கள் நாலு பேர் சேர்ந்து வருகிறார்கள் என்றால் மாசி. அம்மாவும் சித்தியும் மட்டும் தனியாகக் கிளம்புகிறார்கள் என்றாலும் மாசிதான், மண்டைக்காடு அவர்களுக்கென்றே உள்ள இடம். கிறிஸ்துமஸுக்கு வந்தே தீருவேன் என்கிறவர்கள் தேரை மறந்துவிட்டு வாருங்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

## திரும்பும்போது பையில்

எந்த மாதம் வந்தாலும் மட்டிப்பழம் என்கிற நம்மூர் வாழைப்பழம் உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்களும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். விரல் நீளம், மெல்லிய தோல், பெட்டியைத் திறந்தால் ரயில் பெட்டி முழுக்க வாசம். பழுத்த சீப்பை வாங்கினால் மறுநாளே தோல் கறுத்து, காம்பு விட்டு உதிரும். ஊருக்குக் கொண்டு போக, காம்பில் பச்சை இருக்கிற சீப்பைக் கேட்டு வாங்கி, பையின் மேலாக வையுங்கள். நாள் கிழமை என்று விசேஷம் வரும்போது விலை ஏறும், ஓணத்தை ஒட்டி ஏத்தனுக்கும் அதே கதி.

முந்திரிக்கொத்து ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். சிப்ஸ் வாங்கினால் தேங்காயெண்ணெயில் கண்ணெதிரே பொரிக்கிற கடையில் வாங்குங்கள், சூடு ஆறிய பிறகே பாக்கெட்டில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வியர்த்து நமுத்துவிடும். ஓலைக் கொழுக்கட்டையும் மண்டையப்பமும் ரயிலுக்கு ஆகாது, ஊரிலேயே தின்று முடித்துவிடுங்கள். மரக்கன்று வாங்கியிருந்தால் கவரில் தண்ணீர் ஊற்றாமல், மண் லேசாக ஈரமாக இருக்கும்படி பார்த்து, நிமிர்த்தி வைத்துக் கொண்டு போங்கள். விமானத்தில் வெளிநாடு போகிறவர்கள் கன்றை வாங்காதீர்கள். பல நாட்டில் மண்ணோடு செடியை உள்ளே விட மாட்டார்கள், விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டிவரும்.